வெண்பாவுக்கு யார் மதிப்பெண் போடுவது?



வழக்கம்போல் இதுவும் நீளமான பதிவுதான். வேலை இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். "சார் இன்னும் சுருக்கி எழுதப் பழகலையே" என்று சொல்லப்போகிறவர்கள் யார் யார் என்பதும் எனக்குத் தெரியும்!

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். வெளிநாட்டில் மென்பொருள் வேலை. "சார், மனுஷனும் கம்ப்யூட்டரும் சேர்ந்து கதை எழுத, படம் வரைய, பாட்டுக் கட்ட உதவுற மென்பொருள்கள் நிறைய வந்துடுச்சு. அதுல எது நல்லது, எது கெட்டதுன்னு எப்படி மதிப்பிடுறதுங்கிறதுதான் இப்ப எங்க வேலை. கணக்குப் போடுற மென்பொருள்னா விடை சரியா தப்பான்னு பார்த்துடலாம். கவிதைக்கு எப்படிப் பார்க்கிறது? நீங்க முப்பத்தைஞ்சு வருஷம் மதிப்பெண் போட்டவர். நீங்கன்னா எப்படிப் போடுவீங்க?" என்று கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று வைத்துவிட்டேன். யோசித்ததுதான் இந்தப் பதிவு. இதை எழுத எனக்கு இன்னொரு சொந்தக் காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்குப் புலவர் பட்டம் கிடையாது. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும்தான். கணினியும் ஓய்வுக்குப் பிறகு பேரப்பிள்ளைகளிடம் கற்றதுதான். ஆனால் செய்யுள் விஷயத்தில் நம் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சோமலெ 1921-இல் பிறந்தது நம் நெற்குப்பையில். பக்கத்து மகிபாலன்பட்டிதான் பழைய பூங்குன்றம், கணியன் பூங்குன்றனாரின் ஊர். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் பிறந்ததும் அங்கேதான். கண்ணதாசன் 1927-இல் பிறந்த சிறுகூடல்பட்டியும் நமக்குத் தொலைவில்லை. காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாக்களைச் சின்ன வயதில் தரையில் உட்கார்ந்து கேட்டவர்கள் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். எனவே என் மாணவரின் கேள்விக்கு நான் படத்தையும் கதையையும் விட்டுவிட்டுச் செய்யுளை எடுத்துக்கொள்கிறேன். தமிழில் மனிதரும் கணினியும் சேர்ந்து படைப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேலான வரலாறு இருப்பதும் இந்தத் துறையில்தான்.

முதலில் கணினிக்கு முந்தைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

படைப்பை மதிப்பிடும் கருவி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது சங்கப் பலகை. திருவிளையாடற் புராணத்தில் வருகிறதே, மதுரையில் இறைவன் புலவர்களுக்குக் கொடுத்த பலகை. சின்னப் பலகைதான். ஆனால் தகுதியுள்ள புலவர் வந்தால் விரிந்து இடம் கொடுக்கும், தகுதியில்லாதவருக்குக் கொடுக்காது. புராணக் கதைதான், வரலாறு இல்லை. ஆனாலும் மனிதர் தலையிடாமல் தானாகவே தரம் சொல்லும் ஒரு பொருள் வேண்டும் என்ற ஆசை நமக்கு எவ்வளவு பழையது என்று பாருங்கள். அந்தப் பலகையிடம் ஒரு குறை உண்டு. இடம் கிடைக்காதவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அது சொல்லாது.

காரணம் சொல்லும் கருவி யாப்பிலக்கணம். தொல்காப்பியத்தில் செய்யுளியல் இருக்கிறது. அதற்குப் பின், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், அமிதசாகரர் யாப்பருங்கலக் காரிகையை எழுதினார். ஒரு பெண்ணை முன்னால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதுபோல் அமைந்த நூல் அது. உதாரணப் பாடல்களின் முதற்சொற்களை மட்டும் கோத்து, மாணவர் நினைவில் வைத்துக்கொள்ள வசதியாகத் தனிக் காரிகைகளும் வைத்திருக்கிறார். நல்ல ஆசிரியர் என்று அதிலேயே தெரிகிறது. அப்படியிருந்தும் காரிகையையும் பேரிகையையும் எதுகையாக்கி, இதைப் படித்துக் கவி பாடுவதைவிடப் பறையடித்துப் பிழைக்கலாம் என்று நம் பெரியவர்கள் கேலி செய்தார்கள். விதி கடினம்.

சேர்ந்து படைப்பதும் நமக்குப் புதிதில்லை. இரட்டைப் புலவர்கள் கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் கால் நடக்காது. கண் தெரியாதவர் தோளில் நடக்க முடியாதவர் உட்கார்ந்து வழி சொல்வார். ஒருவர் பாட்டின் முதல் பாதியைத் தொடங்க, மற்றவர் மீதியை முடிப்பார். தில்லைக் கலம்பகம் அவர்கள் பெயரில் இருக்கிறது. எந்தப் பாதி யாருடையது என்று கேட்டுத் தனித்தனியாக மதிப்பெண் போட்டதாக நான் எங்கும் படித்ததில்லை.

இனி கணினிக்கு வருவோம்.

2003-இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அங்கே பாலசுந்தரராமன், ஈஸ்வர், சஞ்சீத்குமார் ரவீந்திரநாத் என்ற மூவர் ஒரு கட்டுரை கொடுத்தார்கள். கணினி நிரல் மொழிகளின் இலக்கணத்தை எந்த முறையில் எழுதுகிறார்களோ அதே முறையில் வெண்பாவின் இலக்கணத்தையும் எழுதிவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதியது நினைவிருக்கிறதா? மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். கனிச்சீர் வரக்கூடாது. கடைசி அடிக்கு மூன்றே சீர். நாள், மலர், காசு, பிறப்பு இவற்றில் ஒன்றில் முடியவேண்டும். இந்த விதிகளில் 'சுமாராக', 'பெரும்பாலும்' என்ற பேச்சே கிடையாது. அதனால்தான் இயந்திரத்துக்கும் புரிகிறது. பழைய ஆசிரியர்கள் விதியை அவ்வளவு துல்லியமாகச் செய்து வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட நற்சான்று வேண்டுமா?

பிறகு வினோத் ராஜன் என்ற கணினி அறிஞர் 'அவலோகிதம்' என்ற மென்பொருளைச் செய்து இணையத்தில் வைத்தார். பெயரே அழகு. அகத்தியர் அவலோகிதனிடம் தமிழ் கேட்டார் என்பது பௌத்தர் மரபு, வீரசோழியம் அதைச் சொல்கிறது. இந்த மென்பொருளில் ஒரு பாட்டைத் தட்டச்சு செய்தால் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று பிரித்துக் காட்டி, என்ன பா என்று சொல்லும். நாம் நோட்டில் கோடு போட்டு அலகிட்டோமே, அதே வேலைதான். நாம் ஒரு பாடவேளை முழுக்கச் செய்ததை அது இமைக்கும் நேரத்தில் செய்கிறது.

இது ஒரு கிளை. இன்னொரு கிளை, சொல்லையே கணினி எடுத்துக் கொடுப்பது.

திரைப்பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இசையமைப்பாளர் மெட்டைத் 'தன்னானே' என்றோ 'லாலலா' என்றோ பாடிக் காட்டுவார். அந்தத் தத்தகாரத்துக்குப் பாடலாசிரியர் சொல் பொருத்துவார். எம்.எஸ். விஸ்வநாதனும் கண்ணதாசனும் அப்படி உட்கார்ந்து செய்தது தமிழ்நாடே அறிந்த கதை. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையத்தில் அனந்த் ராமகிருஷ்ணன், சங்கர் குப்பன், சோபா லலிதாதேவி ஆகியோர் அந்த வேலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார்கள். 2009-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில், மொழிவழிப் படைப்பாற்றலும் கணினியும் பற்றிய பட்டறையில் அதை வெளியிட்டார்கள்.

அவர்கள் முறை இது. பத்து மெட்டுகளைக் கொடுத்துக் கணினியைப் பழக்கினார்கள். புது மெட்டு வந்தால் எந்த இடத்தில் குறில், எந்த இடத்தில் நெடில், எங்கே மெய் வரவேண்டும் என்று அது ஊகிக்கும். பிறகு அந்த அச்சுக்குப் பொருந்தும் சொற்களைத் தேடி அடுக்கும். அடுக்குவதற்கு டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் கண்டுபிடித்த குறுக்குவழிக் கணக்கைப் பயன்படுத்தினார்கள். பல ஊர்களுக்குச் சாலைகள் பின்னிக் கிடக்கும்போது இங்கிருந்து காரைக்குடிக்கு எது குறைந்த தூரம் என்று கண்டுபிடிக்கும் கணக்கு அது. ஊருக்குப் பதில் சொல். ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்கு எந்தப் பாதை பொருத்தமானது என்று பார்த்துப் போவது.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த ஆண்டு அவர்கள் செய்தது. 2010-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த இரண்டாம் பட்டறையில் வந்து, நாங்கள் முன்பு செய்ததில் மெட்டை அலசுவதிலும் குறை இருக்கிறது, வாக்கியம் அமைப்பதிலும் குறை இருக்கிறது என்று அவர்களே எடுத்துச் சொல்லிவிட்டு, வேறு முறையை வைத்தார்கள். மெட்டுக்கும் சொல்லுக்கும் பொருத்தும் முறையைத் திருத்தினார்கள். சொற்களின் பொருள் உறவுகளையும் தமிழ்ச் சொல்லாக்க விதிகளையும் சேர்த்தார்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவரைப் பார்த்தால் ஆசிரியருக்கு மகிழ்ச்சி வராதா?

2011-இல் பிலடெல்பியாவில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீதா, ரஞ்சனி பார்த்தசாரதி, மதன் கார்க்கி முதலியோர் திரைப்பாடல்களை அலசிய கட்டுரைகளைக் கொடுத்தார்கள். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வருகிறது, எந்த எதுகையோடு எந்த எதுகை, எந்தக் கருத்தோடு எந்தக் கருத்து என்று எண்ணிப் பார்க்கும் வேலை. அவர்கள் கட்டிய பாடல் ஆய்வுச் சட்டகத்துக்கு 'லாலலா' என்றே பெயர். பிறகு மதன் கார்க்கி தொடங்கிய ஆய்வு நிறுவனத்தில் 'எமோனி' என்று ஒன்று வந்தது. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்கு எதுகை, மோனை, இயைபு உள்ள சொற்களை வரிசையாகத் தரும். எழுதுவது நாம்தான், சொற்களை எடுத்து நீட்டுவது அது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் ஊரே மாறிவிட்டது. இப்போது இம்மாதிரி உரையாடும் மென்பொருள்கள் பல. "மழையைப் பற்றி எழுது" என்றால் எழுதிக் கையில் கொடுத்துவிடுகின்றன. பள்ளி ஆண்டுவிழா வாழ்த்துமடல், கல்யாணப் பத்திரிகைக் கவிதை, இரங்கல் பா எல்லாம் அதில்தான் வருகின்றன. நம் உறவுகள் குழுவிலேயே சமீபத்தில் வந்த சஷ்டியப்தபூர்த்தி வாழ்த்தை யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஆக, தமிழில் மூன்று வகைக் கூட்டாளிகள் கணினிக்குள் இருக்கிறார்கள். பிழை பார்த்துச் சொல்பவர், சொல் எடுத்துக் கொடுப்பவர், முழுப் பாட்டையும் எழுதி நீட்டுபவர். இவர்களை எப்படி மதிப்பிடுவது?

மேல்நாட்டில் இந்தக் கேள்வியை யோசித்திருக்கிறார்கள். 1967-இல் குழந்தைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியைச் செய்தவர்களில் ஒருவர் சீமோர் பேப்பர்ட். நல்ல கருவிக்குத் தரை தாழ்வாக இருக்கவேண்டும், கூரை உயரமாக இருக்கவேண்டும் என்ற கருத்து அவரிடமிருந்து வந்தது. சின்னக் குழந்தையும் உள்ளே நுழையவேண்டும், பெரிய அறிஞரும் தலை இடிக்காமல் நிமிரவேண்டும். 2005-இல் படைப்புக் கருவிகளைப் பற்றி அமெரிக்காவில் ஒரு பட்டறை நடந்தது. அதன் அறிக்கையில் அகன்ற சுவர்கள் என்ற மூன்றாவதையும் சேர்த்தார்கள். எல்லாரும் ஒரே பாதையில் போகாமல் அவரவர் விருப்பப்படி நடக்க இடம் வேண்டும் என்பது பொருள். நம் செட்டிநாட்டு வீடுகளை நினைத்துக்கொண்டேன். கூரை உயரம், வளவு அகலம், இரண்டிலும் முழு மதிப்பெண். வாசற்படி மட்டும் ஏறி முடிப்பதற்குள் முழங்கால் வலிக்கும். காரிகையும் அப்படிப்பட்ட வீடுதான்.

2014-இல் எரின் செர்ரி, செலின் லாட்டுலிப் என்ற இருவர் இதற்கு ஒரு மதிப்பெண் பட்டியலே வெளியிட்டார்கள். கருவியைப் பயன்படுத்தியவரிடம் ஆறு விஷயங்களைக் கேட்பது. பல வழிகளை முயன்று பார்க்க முடிந்ததா? மனதில் இருந்ததை வெளிப்படுத்த முடிந்ததா? வேலையில் மூழ்கிப் போனீர்களா? மகிழ்ச்சியாக இருந்ததா? பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்ததா? மற்றவர்களோடு சேர்ந்து செய்ய வசதிப்பட்டதா? பிறகு இந்த ஆறையும் இரண்டிரண்டாக வைத்து, இந்த வேலைக்கு இதில் எது முக்கியம் என்று கேட்பார்கள். பதினைந்து இணைகள் வரும், நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்த முக்கியத்துவத்தால் பெருக்கி நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தருவார்கள்.

நல்ல பட்டியல். செய்த பொருளை மட்டும் பார்க்காமல் செய்தவரையும் கேட்கவேண்டும் என்கிறதே, அதுவே பெரிய விஷயம். ஆனால் வாத்தியார் புத்தி விடுமா? இந்த ஆறும் கருவியைப் பயன்படுத்திய அன்றே கேட்கப்படுகிற கேள்விகள் என்று எனக்குத் தோன்றியது. பாடம் நடத்தி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே "புரிஞ்சுது சார்" என்று கத்தும். புரிந்ததா என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

இப்போது என் சொந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

1990-களில் நான் வேலை பார்த்த ஒரு நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகளோடு சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். அப்போது எனக்கு யாப்பில் புது மோகம். பாடத்தில் இல்லாவிட்டாலும் மாலையில் விருப்பமுள்ள பிள்ளைகளை உட்காரவைத்து வெண்பா சொல்லிக்கொடுத்தேன். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி. அதிகம் பேசமாட்டாள். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

அம்மா வயலில் நடவு நட்டாள் இன்று
சும்மா கிடந்தது சோறு

நான் என்ன செய்தேன்? அலகிட்டேன். முதலடியில் ஐந்து சீர். நடவு என்பது மாச்சீர், அடுத்து நட்டாள் என்று நேரில் தொடங்குகிறது, ஆசிரியத்தளை. நட்டாள், இன்று, மறுபடி ஆசிரியத்தளை. இன்று, சும்மா, மறுபடியும். சிவப்பு மையில் மூன்று சுழி போட்டு, 'தளை தட்டுகிறது. சீர் ஐந்து. மீண்டும் எழுதுக' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். பத்திரிகையில் சேர்க்கவில்லை. அவள் தாளைப் பார்த்தாள், என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். மாலை வகுப்புக்கு அதன்பின் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. வேலை ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன்.

போன மார்கழியில் வெள்ளையடிப்பதற்காகப் பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். பழைய கையெழுத்துப் பத்திரிகைக் கட்டுக்குள் அந்தத் தாள் இருந்தது. சிவப்பு மை மங்கவே இல்லை.

அன்று ராத்திரி அவலோகிதத்தைத் திறந்து அந்த இரண்டு வரியையும் அவள் எழுதியபடியே தட்டினேன். அது சீர் சீராகப் பிரித்துக் காட்டியது. நான் சுழித்த அதே மூன்று இடத்தில் ஆசிரியத்தளை. 'பார்த்தாயா, நான் போட்டது சரிதான்' என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு சும்மா ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். படிக்கும்போது நாக்கு 'நட்டாள் இன்று' என்று நிறுத்தவில்லை. 'நட்டாளின்று' என்று ஓடியது. 'நடவு' என்றும் நிறுத்தவில்லை. அப்படியே பிரித்துத் தட்டினேன்:

அம்மா வயலில் நடவுநட் டாளின்று
சும்மா கிடந்தது சோறு

குறள் வெண்பா என்று வந்தது. நீங்களே அலகிட்டுப் பாருங்கள். தேமா, புளிமா, புளிமாங்காய், தேமாங்காய். அடுத்த அடி தேமா, கருவிளம், காசு. ஒரு தளை பிசகவில்லை. அம்மா, சும்மா எதுகை. சும்மா, சோறு மோனை. ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. மாறியது சொற்களுக்கு நடுவே விட்ட இடைவெளியும் ஒரு புணர்ச்சியும் மட்டும்.

பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்ணின் காதில் வெண்பா சரியாகவே விழுந்திருக்கிறது. எழுதும்போது சொல் சொல்லாகப் பிரித்து எழுதியிருக்கிறாள். சீர் பிரிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் சொல்லிக்கொடுத்திருந்தால் போதும். நாள் முழுக்கக் குனிந்து நெல் நாற்று நட்டுவிட்டு வந்த அம்மா, சாப்பிடக்கூட முடியாமல் படுத்துவிட்டாள், சோறு அப்படியே இருந்தது என்று ஒரு பிள்ளை ஏழு சீரில் சொல்லியிருக்கிறாள். நான் சீரை மட்டும் எண்ணியிருக்கிறேன். அந்த அம்மா சாப்பிட்டாளா என்று கேட்கவில்லை.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். உரையாடும் மென்பொருள் ஒன்றில், பெயர் வேண்டாம், அவளுடைய வரிகளை அப்படியே கொடுத்து, "இதை வெண்பாவாகத் திருத்திக்கொடு" என்றேன். மிகப் பணிவாகப் பாராட்டிவிட்டு நான்கு வரி எழுதியது. அன்னை தெய்வமானாள், வயல் பொன்னானது, தியாகம் வந்தது, கடைசியில் வாழ்க என்று முடிந்தது. வெண்பா என்று அதுவே சொல்லிக்கொண்டது. அலகிட்டால் தளை எங்கும் நிற்கவில்லை. அதைக்கூட மன்னிப்பேன், நாளை அது கற்றுக்கொள்ளும். ஆனால் அந்த நான்கு வரியில் சோற்றைக் காணவில்லை. சோறு போனபின் அது அவள் பாட்டே இல்லை.

நியாயமாகவும் பேசவேண்டும். அதே மென்பொருளிடம் என் பேத்தி வேறு மாதிரிப் பேசினாள். "நீ எழுதாதே. நான் எழுதறேன். எனக்குக் கேள்வி மட்டும் கேளு" என்றாள். அது மழைக்கு முன் என்ன வாசனை வந்தது, யார் முதலில் துணி எடுக்க ஓடினார்கள் என்று கேட்டது. அவள் யோசித்து யோசித்து எட்டு வரி எழுதினாள். யாப்பெல்லாம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டு மொட்டைமாடி அதில் இருந்தது. மறுநாள் மென்பொருள் இல்லாமலே இன்னொன்று எழுதினாள். ஒரே கருவி, இரண்டு விதமாக நடந்துகொண்டது.

இப்போது என் மாணவருக்குப் பதில்.

தம்பி, கருவி செய்துகொடுத்த பாட்டுக்கு மதிப்பெண் போட்டுக் கருவியை மதிப்பிடாதே. அப்படிப் போட்டால் முழுப் பாட்டையும் எழுதி நீட்டுவதுதான் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும். வீட்டுப்பாடத்தை அப்பா எழுதிக் கொடுத்த பிள்ளை முதல் மதிப்பெண் வாங்குவது மாதிரி. கருவியை மூடிவைத்த பிறகு அந்தக் கை என்ன செய்கிறது என்று பார். ஒரு வாரம் கழித்துப் பார், ஒரு மாதம் கழித்துப் பார். அவர் மறுபடி எழுதினாரா? முன்பு செய்த பிழையைத் தானே கண்டுகொண்டாரா? கருவி சொன்னதை வேண்டாம் என்று தள்ளி, தன் சொல்லைக் காப்பாற்றிக்கொள்ளும் துணிவு அவருக்கு வந்ததா? இந்த மூன்றும் இருந்தால் கருவி தேறியது. அந்த ஆறு கேள்விகளோடு ஏழாவதாக இதைச் சேர்த்துக்கொள்.

அவலோகிதம் போன்றது பிழையை இடம் சுட்டிக் காட்டிவிட்டுப் பாட்டை உரியவரிடமே விட்டுவிடுகிறது. நூறு தடவை தப்பாகத் தட்டினாலும் முகம் சுளிக்காது. அதன் கூரை உயரம் அவ்வளவுதான், சோற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அது தெரியவேண்டியது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு. எனவே கருவியைத் தனியாக வைத்து மதிப்பிட்டாலும் போதாது தம்பி. அதைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்.

என் சிவப்புப் பேனாவும் ஒரு கருவிதான். மேலே சொன்ன அளவுகோலை அதற்கு வைத்தால் அது தோற்றுவிட்டது. பிழையைச் சரியாகத்தான் காட்டியது. ஆனால் அந்தக் கை அதன்பின் எழுதவில்லை.

அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதமாட்டேன். கல்யாணமாகி எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இந்தக் குழுவில் அந்த ஆண்டு படித்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நினைவு வந்தாலும் பெயரைக் கருத்துப் பகுதியில் போடாதீர்கள். தெரிந்தால் இதை அவளுக்கு அனுப்பிவையுங்கள், போதும்.

அம்மா, நீ இதைப் படித்தால்: உன் வரிகளை உன்னைக் கேட்காமல் இங்கே போட்டிருக்கிறேன். வேண்டாமென்றால் ஒரு வார்த்தை சொல், எடுத்துவிடுகிறேன். உன் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மூன்று சுழியையும் அடித்துவிட்டு, பக்கத்தில் பச்சை மையில் 'குறள் வெண்பா. சரி.' என்று எழுதி, தேதியும் போட்டிருக்கிறேன். நெற்குப்பைப் பக்கம் வரும்போது வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள். முடிந்தால் புதிதாக ஒன்று எழுதிக்கொண்டு வா. சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம்: இன்று உங்கள் வீட்டில் நடந்த ஒன்றை இரண்டு அடியில் எழுதி அனுப்புங்கள். தளை தட்டினாலும் பரவாயில்லை. எந்தக் கருவியின் துணையோடு வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் உங்கள் வீட்டுச் சோறு அதில் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
நெற்குப்பை.